வேட்டைப் பருந்தின் எடை குறித்து மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். ஸ்கொட்லாந்தில் நீ வேட்டைக்குப் பழக்கும் ஹாரிஸ் பருந்து 640 கிராம் எடையில் இருக்கையில் அழைத்தும் கைக்கு வரவில்லை என்றும், அதனால் அதை 600 கிராமுக்கு இறக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். இறக்குவதற்கு முன் இக்கடிதத்தை முழுவதும் படித்துவிடு.

பசியில்லாத பறவை கையுறை அணிந்த கைக்குத் திரும்பாது என்பது உண்மைதான். ஆனால் பசி வேறு, மெலிவு வேறு. மெலிந்த பறவையும் இறைச்சித் துண்டைக் கண்டால் பறந்து வந்து கையில் அமரும். முயலைத் துரத்திப் பிடித்து அமுக்குவதற்குத்தான் அதற்கு வலு இராது. கைக்கு வருவதை மட்டும் அளவுகோலாகக் கொண்டு எடையை இறக்கிக்கொண்டே போகிறவர்கள் ஒருநாள் பறவையையே இழந்துவிடுவார்கள்.

முதலில் எனக்கு இதைச் சொல். அன்று அது உருண்டையைக் கக்கிவிட்டதா? முந்திய மாலை காடையை இறகோடு கொடுத்திருந்தால், செரிக்காத இறகு உருண்டையாகத் திரண்டு வெளியே வரும்வரை வயிறு வெறுமையாகாது. அதற்குள் நிறுத்தால் தராசு கூடுதலாகக் காட்டும், பறவையும் அசட்டையாக இருக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில், கக்கிய பிறகு, தீனிக்கு முன் நிறுக்க வேண்டும். காற்று பலமாக வீசியதா, பழக்கமில்லாத வெளியா என்பதையும் எழுது. இவற்றுக்கெல்லாம் பதில் கிடைக்காமல் 40 கிராமை ஒரேயடியாகக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தராசைவிட உன் விரல்களை நம்பு. பட்டத்து நூலில் சிக்கிய செம்பருந்துகளைக் காலிமுகத்திடல் பக்கமிருந்து என் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவருவார்கள். அவற்றை நிறுப்பதற்கு முன்பே நான் மார்பைத் தொட்டுப் பார்ப்பேன். நடு எலும்பின் இருபுறமும் தசை உருண்டு நிறைந்திருந்தால் நல்லது. எலும்பின் விளிம்பு கத்திமுனை போல் விரலில் தட்டினால், தராசு என்ன காட்டினாலும் அந்தப் பறவை பறப்பதற்குரியதல்ல. உன்னுடைய பருந்து முதலாண்டுப் பறவை. வாரக்கணக்கில் பறந்து கொழுப்பு கரைந்து தசை ஏறியிருக்கும். அப்படியானால் வேட்டைக்குப் பறக்கவிடும் எடையைச் சற்று உயர்த்தத்தான் வேண்டுமே தவிர, தாழ்த்தக் கூடாது. எச்சத்தையும் பார்: வெள்ளையோடு கருமை கலந்திருப்பது இயல்பு, தீனி கொடுத்தும் பளிச்சென்ற பச்சையாகவே தொடர்ந்தால், தாமதிக்காமல் அங்குள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோ.

ஸ்கொட்லாந்தின் குளிரையும் நீ கணக்கில் எடுக்கவில்லை. இங்கே டிசெம்பரிலும் மின்விசிறி இல்லாமல் உறங்க முடியாது. அங்கே உறைபனி இரவொன்றில் உடல் சூட்டைக் காக்கவே பறவை நிறையச் செலவழிக்கும். நேற்று மாலை சரியாக இருந்த எடை இன்று காலை அபாயமாகிவிடலாம். அதுவும் ஹாரிஸ் பருந்து அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமான நிலங்களைச் சேர்ந்தது. உறைபனியில் விட்டால் சிறகு நுனி வீங்கி அழுகிப்போகும் நோய் இவ்வினத்துக்கு எளிதில் வரும். இரவில் அதை உறைபனி படாத இடத்தில் வை. குளிர் கூடும் நாட்களில் தீனியையும் கூட்டு.

தீனியைப் பொறுத்தவரை, பொரித்து ஒருநாளேயான கோழிக்குஞ்சையே நம்பியிராதே. காடையும் முயலும் மாறி மாறிக் கொடு. எல்லாத் தீனியும் ஒரே நிறையில் ஒரே பலன் தருவதில்லை. கொழுப்புக் குறைந்த முயலிறைச்சியைவிடக் காடை பறவையின் எடையைக் கூடுதலாகத் தாங்கும். தண்ணீரில் ஊறவைத்துச் சத்து நீக்கிய இறைச்சியைக் கொடுத்து எடையை இறக்கும் முறையை, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நில்லாமல் நீ தொடக்கூடாது. சுட்ட புறாவையும் கொடுக்காதே. ஈயக் குண்டும் தொண்டைப்புண் கிருமியும் அதில் இருக்கலாம்.

எப்போதாவது அது தளர்ந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை ஒடுக்கி உட்கார்ந்திருந்தால், பதற்றத்தில் வயிறு நிறையக் கொடுத்துவிடாதே. மெலிந்த பறவையின் தீன்பையில், அதாவது விழுங்கிய தீனி முதலில் தங்கும் தொண்டையடிப் பையில், பெருந்தீனி இறங்காமல் தங்கிப் புளித்து, அதுவே அதைக் கொன்றுவிடும். சூடான இடத்தில் வைத்து, எலும்பும் இறகும் நீக்கிய ஈரமான சிறு துண்டுகளாக, தீன்பை வெறுமையானதைப் பார்த்துப் பார்த்துக் கொடு. வைத்தியரையும் உடனே அழை.

இன்றிலிருந்து குறிப்புப் புத்தகத்தில் எடையோடு, கொடுத்த தீனியின் அளவையும், அன்றைய குளிரையும், மார்புத் தசையின் நிலையையும் எழுது. அடுத்த கடிதத்தோடு அந்தப் பக்கங்களையும் எனக்கு அனுப்பு. அதைப் பார்த்த பிறகு எடையை மாற்றுவதா என்று இருவரும் பேசுவோம். அதுவரை 640 கிராமிலேயே வை.

அன்புடன்,
அம்மா