ஜே.சி.பி.க்குக் கொடுக்கும் பணம் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை. பேரனுக்குக் காய்ச்சல் தணிந்ததா? சிறு பிள்ளையை ஏ.சி. அறையிலேயே அடைத்துவைக்காதே. போனில் பேசத் தொடங்கினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய். இது பாதியில் வைக்கக்கூடிய பேச்சு இல்லை, அதனால் தாளில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். தைப்பொங்கலுக்கு வரும்போது ஜே.சி.பி. பிடித்து, நம் மூன்று ஏக்கர் தரிசிலும் கண்மாய்க்குள்ளும் நிற்கிற சீமைக்கருவேலத்தை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட வேண்டும், செலவை நீயும் உன் அலுவலக நண்பர்களும் போட்டுக்கொள்வீர்கள் என்று எழுதியிருந்தாய். ஊர்மேல் உனக்கு இவ்வளவு அக்கறை இருப்பது சந்தோஷம். ஆனால் அந்த வீடியோவில் பேசுகிறவர் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்கிறார். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறதாம். அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிவிடுமாம். நம் செவலைப் பசு அந்த நிழலில்தான் படுத்துக் கிடந்தது. அது ஈன்ற கன்றுகளோடு நீ ஓடி விளையாடினாய்.

வெள்ளைக்காரன் நம்மைக் கெடுக்கத் தூவிய விதை என்பதும் அப்படித்தான். கொண்டுவந்தது வெள்ளைக்காரன் என்பது உண்மை. சென்னை மாகாணத்தில் காட்டிலாகா அதிகாரியாக இருந்த பெட்டோம் 1876-ல் விதை கேட்டு எழுதினார். மறு ஆண்டு கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம் அது. வறண்ட நிலத்தில் விறகுக்காவது உதவட்டும் என்பதுதான் எண்ணம். விறகுக்கு உதவத்தான் செய்தது.

மரம் நல்லது என்று வாதாட வரவில்லை. அதன் குணம் உன்னைவிட எனக்குத் தெரியும். வேர் எவ்வளவு ஆழத்துக்கும் இறங்கித் தண்ணீரைத் தேடும். அடியில் ஒரு புல் முளைக்க விடாது. முன்பு தரிசு என்றால் அறுகும் கொழிஞ்சியும் இருக்கும், குடை விரித்தாற்போல உடைமரம் நிற்கும். இப்போது உடைமரத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. காய் இனிப்பு, அதனால் ஆடு விரும்பித் தின்னும். அடுத்த முறை வரும்போது காய்ந்த புழுக்கை ஒன்றை நகத்தால் உடைத்துப் பார்: உள்ளே பழுப்பு நிறத்தில் விதை முழுசாக இருக்கும், வயிற்றுக்குள் போய் வந்ததில் முளைப்பதற்கு இன்னும் தோதாகியிருக்கும். ஆடு நடந்த வழியெல்லாம் அது விதைத்த வழி.

ஆனால் உழுகிற வயலிலும் அதே ஆடுதான் நடந்தது. அங்கே ஏன் காடு ஆகவில்லை?

உன் தாத்தா காலத்தில் ஆவணி பிறந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டப் போக வேண்டும். இதைத்தான் குடிமராமத்து என்பார்கள். அது பிற்பாடு, 2017 வாக்கில், அரசாங்கத் திட்டத்தின் பெயராக வந்தது. அதற்கு முன் அது ஊர்க் கட்டுப்பாடு. போகாத வீட்டுக்கு மடை திறக்கிற முறை தள்ளிப்போகும். தண்ணீரைப் பங்கிட்டுவிடுகிற நீர்பாய்ச்சி சொன்னால் சொன்னதுதான். கண்மாயில் எடுத்த கரம்பை மண் வண்டி வண்டியாக வயலுக்குப் போகும். புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசியில் மழை. நமக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 800 மி.மீ.தான், அதைப் பிடித்துவைக்கத்தான் இந்த ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கக் கண்மாய்க்குக் கண்மாய் கோத்துவைத்தார்கள்.

பிறகு ஆட்கள் போனார்கள். திருப்பூருக்கு, சென்னைக்கு, துபாய்க்கு. யாரையும் குறை சொல்லவில்லை, உன்னையும்தான். படிக்கவைத்து அனுப்பியதே நாங்கள். போகிறவர்கள் வயலை யாரிடமாவது விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டார்கள், வாரத்துக்கு எடுத்தவரும் போனபின் நிலம் சும்மா கிடந்தது. இரண்டு மழையில் சீமைக்கருவை ஆளுயரம் வந்தது. கண்மாயும் அப்படித்தான். வரத்துக்கால் தூர்ந்து, தண்ணீர் நிற்கிற நாட்கள் குறைந்த பிறகுதான் உள்வாய் முழுக்க முள்ளுக்காடு ஆனது. மரம் வந்து நம்மை விரட்டியதாக அந்த வீடியோக்காரர் சொல்கிறார். நான் பார்த்தது வேறு: நாம் எழுந்துபோன இடத்தில் அது உட்கார்ந்தது.

உட்கார்ந்தது எங்களுக்குச் சோறும் போட்டது. இதை நீ உன் நண்பர்களிடம் சொல்லமாட்டாய் என்று நினைக்கிறேன், ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள். மழை பொய்த்த ஆண்டுகளில் அப்பா கரிமூட்டம் போட்டுத்தான் உன் ஹாஸ்டல் பணம் கட்டினார். கட்டைகளைப் பருமன் பார்த்து அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண் பூசி மூடித் தீ வைக்க வேண்டும். உள்ளே கொழுந்துவிட்டு எரியக்கூடாது, கனிய வேண்டும். முதலில் வெள்ளைப் புகை திரண்டு வரும், அது மரத்தின் நீர் போவது. புகை மெலிந்து நீலம் தட்டினால் கரி ஆகிவிட்டது. அதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். நடுச்சாமத்தில் மண்பூச்சு வெடித்துக் காற்றுப் புகுந்தால் விடிவதற்குள் அத்தனையும் சாம்பல். அப்பா டார்ச்சும் ஒரு வாளி ஈரமண்ணுமாக மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். வெடிப்பில் செந்நிறமாக ஒரு கோடு தெரிந்தால் உடனே மண்ணை அப்புவார். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறினால் அதிகம். இன்று அவர் இருமுகிற இருமலில் பாதி பீடி, பாதி அந்தப் புகை. நானும் சத்துணவுக் கூடத்துக்குக் காஸ் வரும்வரை அந்த விறகில்தான் உலை வைத்தேன். பச்சையாக இருந்தாலும் நின்று எரியும் விறகு அது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு ஏமாற்றியது உனக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்த நேரத்தில்தான் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. மாவட்டம் முழுக்க ஜே.சி.பி. சத்தம். சில மாதங்களில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. இதற்குள் நம் ஊரிலும் வெட்டினார்கள். மரத்தை வெட்டினார்கள், அடித்தூரை விட்டுவிட்டார்கள். ஒரு கிளை நின்ற இடத்தில் ஐந்தாறு கிளை வெடித்தது. தூரோடு எடுத்த நிலமும் தப்பவில்லை. மண்ணுக்குள் கிடந்த விதை அடுத்த மழைக்கு நாற்றங்கால்போல முளைத்தது, பிடுங்க ஆள் இல்லை. வாய்க்காலுக்கு மேற்கே இரண்டு வீட்டுக்காரர்கள் பிடுங்கிவிட்டு அங்கேயே இருந்தார்கள், மிளகாய் போட்டார்கள். அந்த நிலம் மட்டும்தான் இன்று நிலமாக இருக்கிறது. நம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர்கள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். (விலை ஏறியதா என்று கேட்காதே. அது தனிக் கடிதம்.)

அரசாங்கமும் 2022-ல் அயல்தாவரங்களுக்கென ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. அகற்றிய இடத்தில் நம் நாட்டு மரங்களை வளர்ப்பதும் அதில் உண்டு. எழுத்தில் சரியாகத்தான் இருக்கிறது. வளர்க்கிற கை யாருடையது என்பதுதான் ஒவ்வொரு ஊரிலும் கேள்வி.

கண்மாயை மட்டும் நீங்கள் தொடவே கூடாது. முதலாவது, அங்கே நிற்கும் மரம் நம் சொத்து இல்லை. ஏலம் விட்டு, அனுமதி பெற்றுத்தான் வெட்ட முடியும். இரண்டாவது, கரை. கரையில் நிற்கிற தூரைப் பிடுங்கினால் அண்டா அளவு குழி விழும். அதை மண் போட்டுக் கெட்டிக்காமல் விட்டுவிட்டு நீங்கள் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிடுவீர்கள். இப்போது பெய்கிற மழை பழைய மழை இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நமக்கு ஓர் ஆண்டில் பெய்வதைவிட அதிகம். அப்படி ஒரு மழை இங்கே வந்தால் குழி விழுந்த கரை எத்தனை நாழிகை நிற்கும்? பெய்யாவிட்டால் அறவே இல்லை, பெய்தால் இப்படி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இனிக் கரையைப் பார்க்க வேண்டும்.

பறவைகளையும் மறந்துவிட்டீர்கள். பக்கத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-லிருந்து சரணாலயம், 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தன. அங்கே நாரைகளும் கொக்குகளும் கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. அது நாட்டுக்கருவேலமா சீமையா என்று ஜே.சி.பி. ஓட்டுகிற பையன் இறங்கிவந்து பார்க்கப்போவதில்லை. நம் கண்மாயிலும் தண்ணீர் வந்த ஆண்டுகளில் கூடு உண்டு. தையில் நீங்கள் வரும்போது குஞ்சு இருக்கும்.

அதனால் அப்பாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மூன்று ஏக்கரும் வேண்டாம், கிணற்றை ஒட்டிய தெற்கு ஏக்கர் மட்டும். தையில் மண்ணில் ஈரம் இருக்கும்போதே தூரோடு எடுத்துவிடலாம். எடுத்த தூரைக் கீழவீட்டு அத்தை மூட்டத்துக்குக் கொண்டுபோகட்டும். தூர்க்கரிக்கு விலை கூடுதல். நூறு நாள் வேலை இல்லாத மாதங்களில் அவள் அடுப்பு இந்த மரத்தால்தான் எரிகிறது, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடுங்கினால் அடுத்த ஆண்டு அவள் எங்கே போவாள் என்று உங்கள் வாட்சப் குழுவில் யாராவது கேட்டார்களா? சித்திரையில் கோடை மழை விழுந்ததும் சாண் உயரத்துக்கு முளைக்கும். அப்போது ஈரமண்ணில் கையாலேயே வரும், ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை வேண்டும். அதைப் பிடுங்க அத்தைக்கே கூலி கொடுக்கலாம். புரட்டாசியில் மிளகாய், வரப்போரம் வேம்பும் பூவரசும், அப்பா ஆசைப்படுவதால் நாலு உடைமரமும். மூன்று மழை இப்படிப் பார்த்த பிறகு அடுத்த ஏக்கரைப் பற்றி யோசிக்கலாம்.

ஆகவே உன் நண்பர்களிடம் வசூலித்ததை ஒரே நாளில் டீசலுக்குக் கொட்டாமல் மூன்று ஆண்டுக் கூலியாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேள். வீடியோ எடுக்கத் தோதான வேலை இல்லை, அதனால் பாதிப் பேர் விலகிக்கொள்வார்கள். பரவாயில்லை. ஜே.சி.பி.காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டாய் என்றால் இரண்டு நாள் வாடகையோடு நிறுத்திக்கொள்ளச் சொல். மாப்பிள்ளையிடமும் கலந்துகொண்டு பதில் எழுது. போன் செய்தால் அப்பா எடுக்கட்டும், அவருக்கும் உன்னிடம் பேச வேண்டுமாம். பேரனுக்குக் கனத்த அடி வைத்த ஷூ வாங்கி வா. ரப்பர் செருப்பில் இந்த முள் நேராக ஏறும்.

அன்புடன்,
அம்மா