வெண்டைக்காய்க்கும் 97 காட்டும் ஆக்சிமீட்டர்

அனுப்புநர்:
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்
(பெயர், முகவரி, பில் நகல் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பல்ஸ் ஆக்சிமீட்டர் தவறான அளவு காட்டுவது குறித்தும், பணத்தைத் திருப்பித் தரக் கோரியும்.

ஐயா,

வணக்கம். விரலில் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் உங்கள் நிறுவனத்தின் ஆக்சிமீட்டரை மன்னார்குடியில் ஒரு மருந்துக் கடையில் 1,650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது காட்டும் எண்ணைத் துளியும் நம்ப முடியவில்லை.

என் அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகடுப்பிலும் வறட்டியிலும் சமைத்தவர். வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்கு 95-க்கு மேல் இருந்தால் நல்லது. அம்மாவுக்கு 88-லிருந்து 92-க்குள் நிற்க வேண்டும் என்பது தஞ்சாவூர் டாக்டர் சொன்ன கணக்கு. குறைந்தாலும் ஆபத்து, ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தாலும் ஆபத்து. ரத்தத்தில் கரியமில வாயு தேங்கிவிடுமாம். ஆகவே மிஷினைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தச் சின்னத் திரையைப் பார்த்துத்தான்.

தை மாதம் பக்கத்து வயலில் அறுவடை மிஷின் இறங்கியது. தூசியில் அம்மாவுக்கு இரைப்பு வந்து, உதடு நீலம் பாரித்துவிட்டது. உங்கள் கருவி 97 என்றது. நல்லவேளை, அதைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். மருத்துவமனையில் அதே விரலில் அவர்கள் கருவியை மாட்டினார்கள்: 84. பக்கத்து விரலில் உங்களுடையதை மாட்டினேன். அப்போதும் 97.

வீட்டுக்கு வந்த பிறகு சாம்பாருக்கு எடுத்து வைத்திருந்த வெண்டைக்காய் ஒன்றை உள்ளே வைத்து, மேஜையில் கிடத்தி, யாரும் தொடாமல் பார்த்தோம். ஆக்சிஜன் 97, நாடித்துடிப்பு 76. வெண்டைக்காய் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது! வீடியோவை இணைத்திருக்கிறேன்.

உங்கள் சேவை எண்ணில் பேசிய தம்பி, "விரலைத் தவிர வேறெதையும் வைக்கக்கூடாது சார்" என்றார். சரி. ஆனால் விரல் இல்லை என்பது கருவிக்குத் தெரிய வேண்டாமா? கருவி ஒரு பக்கத்திலிருந்து விரலுக்குள் இரண்டு ஒளியைப் பாய்ச்சுகிறது: சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, அப்புறம் சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாதது சிவப்பை அதிகம் உறிஞ்சும். தோல், எலும்பு, நகம் எல்லாமும் ஒளியை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் நாடி துடிக்கும்போது கூடிக் குறைவது தமனி ரத்தம் உறிஞ்சும் பங்கு மட்டும்தான். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 1974-இல் ஜப்பானில் டகுவோ அவோயாகி முன்வைத்த முறையின் உயிரே அந்தத் துடிப்புதான். துடிப்பு கிடைக்கவில்லை என்றால் திரையில் வெறும் கோடு வர வேண்டும். உங்கள் கருவியோ எதையாவது காட்டித்தான் தீருவேன் என்கிறது.

கை சில்லிட்டிருக்கும், மருதாணி இருக்கும், கை ஆடியிருக்கும் என்று அந்தத் தம்பி அடுக்கினார். இவையெல்லாம் அளவைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் கையைத் தேய்த்துச் சூடாக்கித்தான் மாட்டினோம், மருதாணியும் இல்லை. தவிர, நாடி சரியாகக் கிடைக்கவில்லை என்று காட்ட உங்கள் திரையில் அலைக்கோடு கூட ஓடவில்லையே.

பெட்டியில் பெரிதாக '±2%' என்று போட்டிருக்கிறீர்கள். அது 70-லிருந்து 100 வரையிலான அளவுகளுக்குத்தான் என்பதும், அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அளவுகள்தான் அந்த எல்லைக்குள் வரும் என்பதும் எங்கேயும் இல்லை. கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிஜன் குறைவு கருவியின் கண்ணில் படாமல் போனது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. வெயிலில் நாற்று நட்ட கைகளுக்கு இங்கே விற்கிறீர்களே, எந்த நிறத் தோலில் சோதித்தீர்கள்?

இன்னொன்று. பெட்டி மேல் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டர் படம். உள்ளே இருந்த தாளில், ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. தமிழில் ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பெட்டியில் உரிம எண்ணைத் தேடினேன், காணோம்.

டாக்டர் சொன்னபடி வேறொன்று வாங்கிவிட்டோம். ஆக்சிமீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 80601-2-61 பெட்டியில் அச்சாகியிருக்கிறது, திரையில் அலைக்கோடு ஓடுகிறது, விரலை எடுத்தால் எண் போய்விடுகிறது. மருத்துவமனைக் கருவியோடு ஒத்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

எனக்கு முழுப் பணமும் வேண்டும். உரிம எண்ணையும் சோதனை அறிக்கையையும் எழுத்தில் தாருங்கள். இதே தொகுப்பு எண்ணில் விற்றவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

கருவி என்னிடமே இருக்கிறது. கூரியரில் அனுப்ப மாட்டேன். உங்கள் ஆளை அனுப்புங்கள். அவர் முன்னால் சோதித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்