மார்கழிப் பாடல்களும் இலக்கண வகுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி விடியலில் திருப்பாதிரிப்புலியூரிலும் திருவந்திபுரத்திலும் ஒலிக்கும் பாவைப் பாடல்களைக் கேட்டே வளரும் கடலூர் மாணவர்கள், வேற்றுமையையும் வினைமுற்றையும் வெறும் நூற்பாவாக மனப்பாடம் செய்து வெறுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. திருப்பாவையின் 30 பாடல்களும் திருவெம்பாவையின் 20 பாடல்களும் ‘எம்பாவாய்’ என்றே முடிவதால், ‘பாவை’யின் ஈற்று ஐகாரம் விளியில் ‘ஆய்’ எனத் திரியும் எட்டாம் வேற்றுமையை, பாடத் தெரிந்த குழந்தை எளிதில் பற்றிக்கொள்ளும். ‘உண்ணோம்’, ‘செய்யோம்’ என ஆண்டாள் பாடிய எதிர்மறை வினைமுற்றுகளை ‘உண்போம்’, ‘செய்வோம்’ என மாற்றச் சொல்வதும் நல்ல பயிற்சியே. கிறிஸ்துமஸ் கீர்த்தனைகளையும் பொங்கல் கும்மியையும் சேர்த்துக்கொண்டால் எல்லாப் பிள்ளைகளும் பங்கேற்பர். அரையாண்டு விடுமுறைக்குப் பின் வரும் முதல் வாரத்தை இதற்கென ஒதுக்குமாறு தமிழாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கடலூர்.