தமிழ் அறிவிப்பை அச்சுக்கு அனுப்புமுன்: ஒரு திறந்த மடல்

நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை வைக்கும் அமைப்புகளுக்கும், அவற்றை வடிவமைத்து அச்சிடுவோருக்கும்,

வணக்கம். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு தமிழை அதிகாரத்துவ மொழி என்கிறது. மக்கள் அதைக் கண்ணால் காண்பது மின்தூக்கி வாசலிலும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும்தான். அங்கே எழுத்து உடைந்து கிடந்தால் மனம் வலிக்கிறது. பழியெல்லாம் மொழிபெயர்ப்பாளர் தலையில் விழுகிறது. ஆனால் அவர் சரியாக எழுதிக் கொடுத்ததுகூட, அவர் கையை விட்டுப் போன பிறகு கெட்டுவிடுகிறது.

‘டெங்கி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினி முதலில் ட, அடுத்து ஒற்றைக்கொம்பு, பிறகு ங என்ற வரிசையில் அதைச் சேமிக்கிறது. கொம்பைத் தூக்கி ட-வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. தமிழுக்கு ஏற்ப அமைக்காத மென்பொருள் அதைச் செய்யாது. கொம்பு ட-வைத் தாண்டிப் போய் ங-வோடு ஒட்டிக்கொள்ளும். ‘கொசு’வில் கொம்பு, கால் இரண்டும் க-வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்குச் சரியான வடிவமும் உடைந்த வடிவமும் ஒன்றுபோலவே தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்புக்குப் போய் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். வரி உடையும் இடத்தையும் பாருங்கள். ‘மின்தூ’ ஒரு வரியிலும் ‘க்கி’ அடுத்த வரியிலும் நிற்கக் கூடாது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ் வரி தொடங்காது.

அடுத்தது, தனிச்சொல் பட்டியல். எக்செல் தாளில் வெறும் ‘பார்க்’ என்று இருந்தால் அது பூங்காவா, வண்டி நிறுத்துவதா? ‘லிஃப்ட்’ மின்தூக்கியா, தூக்குவதா? ‘சாட்’ (Sat) என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம் சனிக்கிழமையா, ஓர் இடப்பெயரின் துண்டா? ஒவ்வொரு சொல்லுக்கும் பலகை வரப்போகும் இடத்தின் புகைப்படத்தைச் சேர்த்து அனுப்புங்கள். 2022இல் தொடங்கிய ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ என்ற அரசாங்க இயந்திர மொழிபெயர்ப்புத் தளம் முதல் வரைவுக்கு உதவும். ஆனால் பலகை எங்கே நிற்கும் என்பது அதற்குத் தெரியாது.

இனி இலக்கணம். ‘நீங்கள் அபராதம் விதிக்கப்படுவீர்கள்’ என்பது தமிழே அல்ல. விதிக்கப்படுவது அபராதம், ஆள் அல்ல. ‘அபராதம் விதிக்கப்படும்’ என்றால் போதும். ‘சுவற்றில் ஒட்டாதீர்’ என்பதும் தவறு. கிணறு, வயிறு போல ‘று’வில் முடியும் சொற்கள்தான் கிணற்றில், வயிற்றில் என்று மாறும். சுவர் ‘ர்’ல் முடிகிறது; ஆகவே ‘சுவரில்’. சைக்கிளோட்டிகளுக்கான பலகையில் ‘இறங்கி தள்ளி செல்லவும்’ என்று போட்டால் ஒற்று விடுபட்டது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, படிப்பவர் ‘விலகிப் போ’ என்று புரிந்துகொள்வார். ‘சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்’ என்று எழுதினால் குழப்பமில்லை. ‘ஓட்டகூடாது’, ‘புறாக்களுக்கு தீனி’ என்பவற்றில் க், த் சேர வேண்டும்: ஓட்டக்கூடாது, புறாக்களுக்குத் தீனி.

சொற்கள் மாறுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ‘புளோக்’ இங்கே தமிழாகிவிட்டது. அதைத் தூக்கிவிட்டு யாருக்கும் புரியாத புதுச்சொல்லைப் போட வேண்டாம்.

நாங்கள் கேட்பது கூடுதலாக ஒரு மெய்ப்பு. மொழிபெயர்ப்பு வந்தவுடன் பார்ப்பது மட்டும் போதாது. வடிவமைப்பு முடிந்து, எழுத்துகள் படமாக மாறிய பிறகு, அச்சுக்குப் போகும் அதே கோப்பைத் தாளில் எடுத்து, மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொரு தமிழரிடம் கொடுங்கள். அவர் வாய்விட்டுப் படிக்கட்டும். நாலு வரிப் பலகைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பின் ஓர் எழுத்தை நகர்த்தினாலும் மறுபடி அவரிடமே காட்டுங்கள். இதையும் தாண்டிப் பிழை வந்தால் தெரிவிப்பதற்கு, பலகையின் மூலையில் ஒரு கியூஆர் குறியீடு வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் மெய்ப்புத் திருத்துவோர் சிலர்