ஒரு மாலைக்கு வெல்வெட், பத்து வருடத்துக்குக் கருநீலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதம் பிறந்தாலே வாடகைக் கோட்டுக் கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. வெல்வெட், ஜிகினா, கழுத்தோரம் கல் பதித்தது என்று வரவேற்புக்கு ஒரு மாலை போட்டுவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதே மாப்பிள்ளை அடுத்த மாதம் இன்டர்வியூவுக்கோ நண்பன் கல்யாணத்துக்கோ போகும்போது மறுபடி வாடகை, இல்லையென்றால் அவசரத்துக்கு ஒரு ரெடிமேட். வேலைப்பாடு இல்லாத கருநீலக் கோட்டு ஒன்றையும் அதே துணியில் ஒரு பேண்ட்டையும் ஒழுங்காகத் தைத்து வைத்துக்கொண்டால் இத்தனைக்கும் அது போதும்.

கறுப்புதானே எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளைச் சட்டையோடு கறுப்புக் கோட்டு சேர்ந்தால் பாதிப் பேருக்குக் கோர்ட்டு வாசல்தான் ஞாபகம் வரும். மேடை விளக்கிலும் கறுப்பில் மடிப்பும் வெட்டும் தெரியாது. வீடியோவில் முகத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டையாக விழும். கருநீலத்தில் வெட்டு தெரியும், மாநிறத்துக்கும் எடுப்பாக இருக்கும்.

துணிதான் முதல் விஷயம். நம் வெயிலுக்கு மீட்டருக்கு 220 முதல் 260 கிராம் எடையுள்ள, சாதா நெசவு கம்பளித் துணி நல்லது. கம்பளி என்றதும் பயப்பட வேண்டாம், பாலியஸ்டரைவிடக் காற்று அதிகம் போகும். 58 அங்குல அகலத்தில் கோட்டுக்கு 2 மீட்டர், பேண்ட்டோடு சேர்த்தால் 3 முதல் 3.25 மீட்டர் ஆகும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகிய நாற்றம் அடித்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கடுகு போல உருண்டை கட்டும். இரண்டும் சேர்ந்த டெரிவூல் என்றால் சாம்பலுக்குள் அந்தக் கடுகு தட்டுப்படும். கையில் காசு இறுக்கமாக இருந்தால் டெரிவூலும் ஓடும், விலையும் குறைவு. முழு லைனிங் வேண்டாம், முதுகில் மேல்பாதிக்கு மட்டும் போதும்.

அடுத்தது மார்புக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது. பட்டன் துளைக்குக் கீழே முன் துணியையும் உள் துணியையும் தனித்தனியாகக் கிள்ளி மெல்ல இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று நழுவினால் அது கேன்வாஸ், கோட்டுக்கு வடிவம் தர நடுவில் வைத்துத் தைக்கும் துணி. எதுவும் நழுவாமல் முன் துணி அட்டை போல விறைத்து நின்றால் பசை வைத்து ஒட்டியது. ஒட்டிய கோட்டு மோசம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாக ஒட்டியிருந்தால் பல வருடம் வரும். ஆனால் ட்ரை க்ளீனிங் கரைசலிலும் சூடான அயர்னிலும் பசை விட்டுப்போய், மார்பில் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கிளம்பினால் அதைச் சரிசெய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் ட்ரை க்ளீனிங் கொடுக்காதீர்கள்.

அளவில் தோள் மட்டும் தப்பக்கூடாது. இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று சாயுங்கள். கைக்கு முன்னால் கோட்டின் தோள் பஞ்சு சுவரில் இடித்தால் தோள் பெரிது. பட்டனைப் போட்டதும் அதைச் சுற்றிப் பெருக்கல் குறி போலச் சுருக்கம் விழுந்தால் வயிற்றில் பிடிக்கிறது. கோட்டின் கை மணிக்கட்டு எலும்போடு நின்று, சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும்.

இனி போடும் விதம். இன்டர்வியூவுக்கு வெள்ளை அல்லது வெளிர் நீலச் சட்டை, சாம்பல் பேண்ட், ஒற்றை நிற மெரூன் டை, அதன் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்கட்டும். கோட்டின் நீலத்துக்குக் ‘கிட்டத்தட்ட’ வருகிற வேறொரு நீல பேண்ட்டைப் போட்டுவிடாதீர்கள், ஜோடியைத் தொலைத்துவிட்டு வந்தது போலிருக்கும். ஒன்று அதே துணி, இல்லையென்றால் பளிச்சென்று வேறு நிறம்.

வரவேற்புக்கு அதே துணி பேண்ட், வெள்ளைச் சட்டை. மணப்பெண்ணின் பட்டுக்குப் பொருத்தமாகக் கோட்டையே அரக்கிலும் கிளிப்பச்சையிலும் தைப்பதால்தான் அது மறுமுறை வெளியே வருவதில்லை. பிளவுஸ் பிட்டில் மிஞ்சும் துணியில் 12 அங்குலச் சதுரம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து மார்புப் பையில் வைத்தாலே ஜோடிப் பொருத்தம் வந்துவிடும். இரண்டு பட்டன் கோட்டு என்றால் மேடையில் நிற்கும்போது மேல் பட்டனை மட்டும் போடுங்கள். கீழ்ப் பட்டன் எப்போதுமே போடுவதற்கில்லை. சோபாவில் உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கோட்டு மேலே ஏறி, காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கும், ஆல்பம் முழுக்க அதுதான் இருக்கும். பந்திக்கு முன் கோட்டைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வாழை இலையில் ரசத்தைத் துரத்தும்போது கோட்டின் கை தப்புவதில்லை.

காலையில் சர்ச்சில் கல்யாணம் என்றால் வெளிர் சாம்பல் டை பகல் வெளிச்சத்துக்கு ஒத்துப்போகும். அலுவலக விருந்துக்கு டை இல்லாமல், மேல் பட்டன் திறந்த வெள்ளைச் சட்டையும் வெளுக்காத ஜீன்ஸும் போதும். வேட்டிக்கு மேல் கோட்டு என்றால் இன்று சிரிக்கிறார்கள். பாரதியாரின் கறுப்புக் கோட்டை மறந்துவிட்டார்கள் போலும். ஆனால் வேட்டிக்குக் கழுத்து வரை பட்டன் போடும் குளோஸ் கோட்டுதான் அழகு. இடுப்பில் வேட்டிச் சுற்று தடிப்பதால் அங்கே ஒரு அங்குலம் தளர்த்தித் தைக்கச் சொல்லுங்கள். புடவையோடு கோட்டு போடும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: முந்தானை கோட்டுக்கு உள்ளே போகட்டும். பட்டு முந்தானை மடிப்பின் மேல் தோள் பஞ்சும் சேர்ந்தால் ஒரு தோள் மட்டும் வீங்கித் தெரியும். மெல்லிய பருத்திப் புடவையும் பஞ்சு வைக்காத கோட்டும்தான் சரி.

புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். அது கடையில் கலையாமல் இருக்கப் போட்ட ஓட்டுத் தையல், பிரித்துவிட வேண்டும். பையின் வாயில் உள்ள தையலும் கையில் உள்ள லேபிளும் அப்படித்தான். இந்த எக்ஸ் குறியோடு மணமேடை ஏறுகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கழற்றியதும் அகலமான மர ஹேங்கரில் மாட்டி ஓர் இரவு ஃபேன் காற்றில் விட்டு, பிறகு பீரோவில் வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஐப்பசி ஈரம் அடைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டியில் உறை தைத்துக்கொள்ளலாம். அயர்ன் பெட்டியை நேராகத் துணியில் வைத்தால் பளபளப்பு ஏறிவிடும், நடுவில் ஈரப் பருத்தித் துணி வேண்டும்.

துணி கொடுக்கும்போதே பக்கத் தையல்களிலும் முதுகுத் தையலிலும் உள்ளே ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். கல்யாணமான இரண்டாம் வருடம் பெரும்பாலும் அது தேவைப்படும்.

இப்படிக்கு,
கோட் தையல் தொழிலாளர்கள்,
மதுரை