சாணித் தண்ணீரும் வெட்டிவேரும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததில் சந்தோஷம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி அவள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதே, நாமும் அந்த வயதில் அப்படித்தான் வீட்டுக்கு எழுதினோம்.

பண்ருட்டித் தோட்டத்தில் எரு மட்க வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். செய், ஆனால் இடம் பார்த்துச் செய். பாகூரில் நான் பட்டது இது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சரிவில் வரிசையாகக் குவித்திருந்தேன், கீழே குட்டை. ஐப்பசி மழை பிடித்ததும் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கி நேராகக் குட்டைக்குப் போயிற்று. அப்புறம் வெயில் வந்ததும் குட்டை முழுக்கப் பாசி. எருவிலிருந்து கரைந்த தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தின்று கொழுத்த பாசி, ராத்திரியில் தண்ணீரில் இருந்த பிராணவாயுவையும் தீர்த்துவிட, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பக்கத்து வீட்டுச் சித்தப்பா விட்டிருந்த மீன்கள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

குவியலுக்கும் குட்டைக்கும் நடுவில் அருகம்புல் விட்டேன். புல் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், வண்டல் படியும், கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். எல்லாம் சரிதான், ஆனால் குட்டைக்கு மாடு போய்வந்த தடம் ஒன்று புல்லுக்கு நடுவே பள்ளமாகக் கிடந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மொத்தத் தண்ணீரும் அந்த ஒரு தடத்தில் சேர்ந்து ஓடிவிட்டது, இரண்டு பக்கத்துப் புல்லும் சும்மா வேடிக்கை பார்த்தது! அகலமாகப் புல் விடுவது பெரிதல்ல, தண்ணீர் ஒரே மட்டத்தில் பரவி நுழைகிறதா என்பதுதான் விஷயம். தடத்தை மண் போட்டு மூடி, மாட்டுக்கு வேறு வழி விட்டு, மேல் ஓரத்தில் சரிவுக்குக் குறுக்கே சாணுக்கு ஒரு தூராக வெட்டிவேர் நட்டேன். தூருக்கு நான் அலையவில்லை, கடலூர்க் கடலோர மணலில்தான் பயிரே செய்கிறார்களே. தூர்கள் ஒன்றோடொன்று நெருங்கியதும் தண்ணீர் வேலியில் முட்டி நின்று, பரவி, மெல்லக் கசிந்து புல்லுக்குள் போகிறது. வேரை ஏன் விற்கவில்லை என்று கேட்காதவர் ஊரில் இல்லை. வேரைத் தோண்டினால் வேலி ஏது?

ஆனால் புல்லை மட்டும் நம்பிவிடாதே. வண்டலோடு போகும் மணிச்சத்து புல்லில் நிற்கும், தண்ணீரில் கரைந்த தழைச்சத்து அவ்வளவாக நிற்காது, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் உண்டு. அதுவும் கிணற்றுப் பக்கம் வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, ஊறிப்போன மண்ணில் எந்தப் புல் என்ன செய்யும்? அதனால் ஐப்பசிக்கு முன்பே குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடு (புயலில் என் பாய் எந்த ஊருக்குப் போனதோ). கொட்டகைக் கூரைத் தண்ணீர் குவியல் பக்கம் வராமல் தனி வாய்க்காலில் திருப்பிவிடு. இது பாதி வேலையைக் குறைக்கும். புல்லை அவ்வப்போது அறுத்து வெளியே எடு, இல்லாவிட்டால் அது உறிஞ்சிய சத்தெல்லாம் அங்கேயே மட்கித் திரும்ப வரும்.

உன் நிலத்தில் சரிவு எந்தப் பக்கம் என்று அடுத்த கடிதத்தில் எழுது. பொங்கலுக்கு வருவாய் அல்லவா, போகும்போது நூறு தூர் பிடுங்கித் தருகிறேன், ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போ. சித்தப்பா இந்த வருஷம் மறுபடி கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறார்.

அன்புடன்,
குமார்