கடைசி இரண்டு நிமிஷம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் எழுத இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிசியோ சொல்கிற பயிற்சியை நடுவில் நிறுத்திவிடாதே. வலி கொஞ்சம் குறைந்தாலே போதும் என்று எழுந்து போகிற ஆள் நீ.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய், "இன்னமும் அந்த டீமைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?" என்று. ஆமாம்டா, இன்னமும் நம்ம இந்திய ஹாக்கி டீம்தான், முடிந்தவரை ஒரு மேட்ச் விடுவதில்லை. நீ விட்டுவிட்டதில் எனக்குக் கோபம் கிடையாது, ஆனால் வருத்தம் உண்டு. நீ விட்ட நாள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. 2008 மார்ச். சிலி நாட்டில் சாண்டியாகோவில் நடந்த தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக இந்திய ஹாக்கி டீம் இல்லாத ஒலிம்பிக் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு போன் பண்ணி "போதும்டா, இனிமேல் பார்க்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருந்தது. ஆனால் அன்றைக்கு உனக்கு வந்த கசப்பு எனக்கு எட்டு வருஷம் முன்னாலேயே வந்து, எப்படியோ கரைந்தும் போயிருந்தது. அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசியதில்லை.

சிட்னி 2000, போலந்து மேட்ச். ஹாஸ்டல் டிவி ரூமில் நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தோமே. ஜெயித்தால் அரையிறுதி, டிரா ஆனால் வெளியே. 1-0 என்று நாம்தான் முன்னால் இருந்தோம். முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை, பாதிப் பேர் கைதட்டிக்கொண்டே எழுந்துவிட்டார்கள், அப்போது போலந்து ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான், 1-1. யாரும் எதுவும் பேசவில்லை. யாரோ போய் டிவியை அணைத்தார்கள். நீ ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனாய், நானும் பின்னாலேயே வந்தேன், இருட்டும்வரை நான் பந்து அடிக்க நீ தடுத்துக்கொண்டே இருந்தாய். தன்ராஜ் பிள்ளைக்கு அது மூன்றாவது ஒலிம்பிக். புனே பக்கத்தில் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மனுஷன், நாலு ஒலிம்பிக் ஆடியும் ஒரு பதக்கம் கிடைக்கவில்லை. அவர் வலது பக்கமாகப் பந்தைக் கொண்டு போகும்போது நம் ஹாஸ்டலே எழுந்து நிற்கும். அந்த மாதிரி ஆளுக்கே கிடைக்கவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, கடைசி இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. எத்தனை கோல் முன்னால் இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன்.

நீ அடிக்கடி சொல்வாய், நமக்கு இந்த டீம் மேல் இருக்கிற பிரியம் எல்லாம் பழைய பெருமைதான் என்று. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு ஒலிம்பிக் தங்கம் நம் அப்பாக்களுடைய, தாத்தாக்களுடைய சொத்து. 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து உலகக் கோப்பை வாங்கினபோதும் நாம் பிறக்கவில்லை. கடைசித் தங்கம் மாஸ்கோவில், 1980-இல், நம்ம சென்னைக்காரர் பாஸ்கரன் கேப்டனாக இருந்து ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தது. நாம் இரண்டு பேரும் பிறந்தது அந்த வருஷம்தான். யோசித்துப் பார், அந்த வறட்சிக்கும் நமக்கும் ஒரே வயசு. நாம் தவழ்ந்து, நடந்து, படித்து, கல்யாணம் பண்ணி, தலை நரைக்கிற வரைக்கும் இந்த டீம் ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம் வாங்கவில்லை. பெருமைக்காகப் பார்ப்பவன் இத்தனை வருஷம் பார்த்திருக்க மாட்டான். (தேசிய விளையாட்டு என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் பண்ணினோமே, அரசாங்கம் அப்படி ஒரு விளையாட்டையும் அறிவித்ததே இல்லையாம். தெரிந்த அன்று கொஞ்சம் வலித்தது.)

புல்தரை போய் டர்ஃப் வந்ததால்தான் நாம் வீழ்ந்தோம் என்று விடிய விடிய வாதாடுவாய். 1976 மாண்ட்ரியலில் முதல்முறையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது, முந்தின வருஷம் உலகக் கோப்பை வாங்கிய டீம் ஏழாவது இடத்துக்குப் போனது, உண்மைதான். நாடு முழுக்க டர்ஃப் போட நம்மிடம் காசு இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காரணம் ஒரு இருபது வருஷத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. மற்றவர்கள் ஓடினார்கள், நாம் ஓடவில்லை. 2012 லண்டனில் பன்னிரண்டு டீமில் பன்னிரண்டாவதாக வந்தபோது டர்ஃபையா குறை சொல்வது? அந்தப் பதினைந்து நாளும் நான் தனியாகத்தான் பார்த்தேன். உனக்கு போன் பண்ணலாமா என்று நினைத்து நினைத்து விட்டுவிட்டேன்.

சரி, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வருகிறேன். நீ பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய், அதனால் விவரமாகச் சொல்கிறேன். லீக்கில் ஆஸ்திரேலியாவிடம் 1-7. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அப்புறம் மெல்ல மெல்ல எழுந்து அரையிறுதிவரை வந்து, பெல்ஜியத்திடம் தோற்று, வெண்கலத்துக்காக ஜெர்மனியோடு ஆடினார்கள். 2021 ஆகஸ்ட் 5, நம் நேரத்துக்குக் காலை ஏழு மணி. 1-3 என்று பின்னால் போய்விட்டார்கள். அங்கிருந்து சிம்ரன்ஜித், ஹர்திக், ஹர்மன்பிரீத், ரூபிந்தர் என்று கோல் மேல் கோல், 5-3. ஜெர்மனி ஒன்று போட்டு 5-4. அவர்கள் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு ஆடுகிறார்கள். நான் எப்போதோ எழுந்து நின்றுவிட்டேன்.

கடிகாரத்தில் 6.8 விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர், கோல் கோட்டுப் பக்கத்திலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்து நேராகக் கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு. மாப்ள, அந்த நிமிஷம் எனக்கு டோக்கியோ தெரியவில்லை, நம் ஹாஸ்டல் டிவி ரூம்தான் தெரிந்தது. கோல் கோட்டுக்குப் பின்னால் நம் ஆட்கள் நாலு பேரும் கோலி ஸ்ரீஜேஷும். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பந்து உள்ளே வந்தது, நிறுத்தினான், அடித்தான். ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார். பந்து வெளியே போனதும் அவர் கையை விரித்துக்கொண்டு ஓடியதையும், அப்புறம் கோல் போஸ்ட் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டதையும் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் பெண் நான் அழுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோய். என்ன சொல்வது அவளிடம்? "ஒன்றும் இல்லம்மா, ஜெயித்துட்டோம்" என்றேன். நாற்பத்தொரு வருஷம் அவளுக்கு எப்படிப் புரியும்.

நீ கோலியாக இருந்தவன், உனக்கு ஸ்ரீஜேஷைத்தான் பிடித்திருக்கும். ஆனால் நடுக்களத்தில் வலது பக்கம், ரைட் ஹாஃபாக ஆடிய எனக்கு வயசு ஏற ஏறக் கண் போகிற இடமே மாறிவிட்டது. பெனால்டி கார்னரில் முதலில் ஓடிப் போகிறவனைத்தான் பார்க்கிறேன், ஃபர்ஸ்ட் ரஷர். ஸ்டிக்கால் இழுத்து வீசி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிற டிராக் ஃப்ளிக்குக்கு நேராக, உடம்பையே குறுக்கே கொடுத்துக்கொண்டு ஓடுகிற வேலை. அவன் பந்தைத் தொடவே வேண்டாம், அடிப்பவனுக்கு ஒரு பக்கத்தை மறைத்தாலே போதும், மீதிப் பக்கத்தைக் கோலி பார்த்துக்கொள்வான். ஸ்கோர் போர்டில் அவன் பெயர் வராது. நம்ம டீமில் அந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்தவர் அமித் ரோஹிதாஸ், ஒடிசாக்காரர்.

அதனால்தான் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி என்னை அப்படி உலுக்கியது. 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, எதிரில் அதே பிரிட்டன், 2008-இல் நம்மை வீட்டுக்கு அனுப்பிய பிரிட்டன். பதினேழாவது நிமிஷத்தில் ரோஹிதாஸுடைய ஸ்டிக் எதிராளி முகத்தில் பட்டது என்று ரெட் கார்டு. இன்னும் 43 நிமிஷம் இருக்கிறது, பத்துப் பேர்தான். அந்தப் பத்துப் பேரோடு ஹர்மன்பிரீத் ஒரு கோல் வேறு போட்டார்! அவர்கள் சமன் செய்தார்கள். அதற்கப்புறம் இரண்டாவது பாதி முழுக்க அலை அலையாக வந்துகொண்டே இருந்தார்கள், நம்ம ஆட்கள் கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள் குறுக்கே விழுந்து விழுந்து தடுத்தார்கள். ஃபார்வர்டு ஆடுகிறவன் நம் வட்டத்துக்குள் வந்து டேக்கிள் பண்ணுகிறான், பந்தைப் பிடுங்கினதும் மறுபடி அந்தக் கோடிக்கு ஓடுகிறான். 1-1. ஷூட் அவுட், எட்டு விநாடிக்குள் கோலியைத் தாண்டிப் போட வேண்டிய அந்த முறை. 4-2 என்று ஜெயித்தோம். அது ஒரு காலிறுதி வெற்றிதான், பதக்கம்கூட இல்லை. ஆனால் என் வாழ்நாளில் பார்த்த சிறந்த மேட்ச் எது என்று கேட்டால் டோக்கியோவைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அரையிறுதியில் ரோஹிதாஸுக்குத் தடை, ஜெர்மனியிடம் 2-3. அவர் இருந்திருந்தால் என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன். பிறகு ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து மறுபடி வெண்கலம். அதோடு ஸ்ரீஜேஷ் விடைபெற்றார். அவருடைய 16-ஆம் நம்பர் ஜெர்சியை இனி சீனியர் டீமில் யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று நினைத்துவிடாதே. 2023 உலகக் கோப்பையில், நம் சொந்த மண்ணில், புவனேஸ்வரில், நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு 3-3 ஆகி ஷூட் அவுட்டில் வெளியே போனோம். காலிறுதிக்கே போகவில்லை. மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை நான்.

ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஃபைனலுக்குப் போனேன். ரொம்ப வருஷம் கழித்து நேரில் பார்க்கிறேன். மேட்சுக்கு முன்னால் டர்ஃப் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள் இல்லையா, விளக்கு வெளிச்சத்தில் அந்த நீலத் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. பந்து ஓடுகிற பாதை முழுக்கச் சின்னதாக நீர்த்துளி எழும்பும், டிவியில் அது இவ்வளவு தெரியாது. பந்து கோல் பலகையில் மோதுகிற அந்த "டக்" சத்தம் இருக்கிறதே, இருபது வருஷத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து முன்னால் போட்டுவிட்டது. மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3. பக்கத்தில் ஒரு குடும்பம் எழுந்து கிளம்பியது. என் பெண் என் முகத்தைப் பார்த்தாள். "இரு" என்றேன். மூன்றாவது குவார்ட்டரின் கடைசி நிமிஷத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், அப்புறம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது ஆகாஷ்தீப் ஒன்று. 4-3. அந்த டீமில் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வமும் இருந்தான் தெரியுமா? கேலரி முழுக்கத் தமிழில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கடைசி இரண்டு நிமிஷம் நான் எழுந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவளும் நின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஸ்கூல் டீமில் சேர்ந்திருக்கிறாள். என்னை மாதிரி ஹாஃப் ஆடுவாள் என்று நினைத்தேன், இல்லை, கோலியாகத்தான் நிற்பேன் என்று ஒரே பிடிவாதம். பேடும் கிக்கரும் ஹெல்மெட்டும் போட்டால் ஆளே தெரிவதில்லை, ஆனால் அசந்துபோகாமல் நிற்கிறாள். பெனால்டி கார்னரில் மட்டும் தடுமாறுகிறாள், பந்து கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் எத்தனை அடி முன்னால் போவது, எப்போது நிற்பது, எப்போது படுத்துத் தடுப்பது என்று கேட்கிறாள். நான் பந்தை நோக்கி முன்னால் ஓடினவன், எனக்கு என் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்றே தெரியாது. "அதெல்லாம் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார்" என்று உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதுகிற மாதிரி நாலு வரியில் முடிக்காமல் படம் போட்டு, விவரமாக எழுது.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை. 1975-க்குப் பிறகு நாம் அதை ஜெயித்ததே இல்லை. அதற்குள் உன் கால் சரியாகிவிடும். மேட்ச் அட்டவணை வந்ததும் அனுப்புகிறேன், ஒரு மேட்சுக்காவது கிளம்பி வா. உட்கார்ந்தே பார், பரவாயில்லை. கடைசி இரண்டு நிமிஷம் நானும் அவளும் நிற்போம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ரைட் ஹாஃப்